தரகர் காட்டும் நிலம்

சாந்த்ராகாச்சி என்றால் வங்காளிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது சேனைக்கிழங்கு. அவர்கள் அதை 'ஓல்' என்பார்கள். சாந்த்ராகாச்சி ஓல் தொண்டையில் அரிக்காது என்று சந்தையில் சொல்லிச் சொல்லி விற்பார்கள். அந்தக் கிழங்கு விளைந்த மண்ணில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. 1992இல் ஹூக்ளி நதியின் மேல் வித்யாசாகர் பாலம் திறந்தார்கள். அதன் பிறகு கோனா விரைவுச் சாலையும் வந்தது. கொல்கத்தா பக்கத்தில் வந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறியது. தரகர்களும் பெருகினார்கள்.

ரயில்வே வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றால் பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போகிறார்கள். எனவே கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் இங்கேயே ஒரு சின்ன இடமோ ஒரு பிளாட்டோ வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கைக்கு வரும் பணம் அது. அந்தப் பணத்தோடு நாம் முதலில் போய் நிற்பது ஒரு தரகரிடம்தான்.

தரகரை இங்கே 'தலால்' என்பார்கள். அந்தச் சொல்லில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. எனக்கு அந்த இளக்காரத்தில் உடன்பாடு இல்லை. எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்து வைத்திருப்பதும், பத்து இடம் அழைத்துப் போய்க் காட்டுவதும், இரண்டு பக்கமும் பேசி முடிப்பதும் உழைப்புதான். அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலத்தின் விலை 15 லட்சம். தரகு நூற்றுக்கு 2 என்று பேச்சு. அப்படியானால் தரகருக்கு 30,000 ரூபாய். இப்போது நீங்கள் விலையைக் குறைத்து 14 லட்சத்துக்கு முடிக்கச் சொல்கிறீர்கள். உங்களுக்கு ஒரு லட்சம் மிச்சம். தரகருக்கோ 2,000 ரூபாய் நஷ்டம். அவர் விற்பவரிடமும் தரகு வாங்குகிறவராக இருந்தால் நஷ்டம் 4,000. விலையைக் குறைக்க அவர் எவ்வளவு பாடுபடுவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் கெட்டவர் என்பதல்ல. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நிலத்துக்காரர் 13 லட்சம்தான் கேட்டிருப்பார். தரகர் நம்மிடம் 15 என்பார். நடுவில் உள்ள இரண்டு லட்சம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். இதற்கு மருந்து ஒன்றுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நிலத்துக்காரரை நேரில் பார்க்க வேண்டும். அவர் வாயால் விலையைக் கேட்க வேண்டும். "அவர் வெளியூரில் இருக்கிறார்", "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று தரகர் தள்ளிக்கொண்டே போனால் நாமும் பணத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

தரகு எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதை முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கேட்பது வழக்கம். அது சட்டம் போட்ட விகிதம் அல்ல, பேசிக் குறைக்கலாம். முழுத் தரகையும் முன்னாலேயே கொடுத்துவிடக் கூடாது. பத்திரப் பதிவு அன்று ஒரு பகுதி, மற்ற வேலைகள் முடிந்த பிறகு மீதி என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த மற்ற வேலைகள் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நமக்கு இங்கே இருக்கும் பெரிய சிக்கல் வேறு. நாம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டோம். கையெழுத்துப் போடுகிறோம். பேருந்தின் எண்ணைப் படிக்கிறோம். ஆனால் இங்கே நிலத்தின் பழைய காகிதங்கள் பெரும்பாலும் வங்காளத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதத்தை நமக்குப் படித்துச் சொல்கிறவர் யார்? தரகர்! விற்க வந்தவரே படித்தும் சொல்கிறார். அவர் நம் மொழி பேசுகிறவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "நம்ம ஊர்க்காரர் பொய் சொல்வாரா?" என்று நம்பிவிடுகிறோம்.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கணவர் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தரகர் ஒருவர் இரண்டு கட்டா நிலம் காட்டினார். புதிதாக மண் நிரப்பிச் சமமாக்கிய இடம். விலையும் பக்கத்து இடங்களைவிடக் குறைவு. அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. தரகர் ஒரு தாளின் நகலைக் கொடுத்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, நாளை மறுநாள் முன்பணம் கொடுத்துவிடுங்கள்" என்றார். அக்காவின் மகள் வங்காளப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் அந்தத் தாளை எடுத்து அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிலத்தின் வகை என்ற கட்டத்துக்கு வந்ததும், "அம்மா, இதில் புகுர் என்று போட்டிருக்கிறதே!" என்றாள்.

புகுர் என்றால் குளம். தரையைப் பார்த்தால் மண். காகிதத்தைப் பார்த்தால் குளம். குளத்தை மூடி வீட்டு மனையாக்குவதை மேற்கு வங்கத்தின் 1984ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டத் திட்ட அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனும் கிடைக்காது. அக்கா முன்பணம் கொடுக்கவில்லை. தரகரிடம் கேட்டதற்கு, "இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்றாராம். ஹவுரா மாவட்டத்தில் குளம் குட்டைகள் அதிகம் என்பதால் அப்படி வாங்கினவர்களும் இருக்கக்கூடும். அதனால் அது சரியாகிவிடாது.

அந்தத் தாளின் பெயர் 'போர்ச்சா'. நம் ஊர்ப் பட்டா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயரில், எவ்வளவு நிலம், என்ன வகை என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் பதிவின் நகல் அது. அதில் நாம் பார்க்க வேண்டிய சில சொற்கள் உண்டு. 'மௌசா' என்றால் வருவாய்க் கிராமம். ஒவ்வொரு மௌசாவுக்கும் ஜே.எல். எண் என்று ஓர் எண் இருக்கும். 'தாக்' எண் என்பது நம் ஊர்ப் புல எண் போன்றது, நிலத்துக்கு உரியது. 'கத்தியான்' எண் உரிமையாளரின் கணக்குக்கு உரியது. நிலத்தின் வகையில் 'பாஸ்து' என்றிருந்தால் குடியிருக்கும் இடம். 'ஷாலி' என்றிருந்தால் நெல் வயல். ஷாலி நிலத்தில் வீடு கட்ட வேண்டுமானால் முதலில் வகை மாற்றம் செய்து உத்தரவு வாங்க வேண்டும். 1955ஆம் ஆண்டு மேற்கு வங்க நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. "வகை மாற்றம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரகர் சொன்னால், "உத்தரவைக் காட்டுங்கள், பிறகு பணம்" என்று சொல்லுங்கள். 'புகுர்' என்றோ, சிறு குட்டையைக் குறிக்கும் 'டோபா' என்றோ இருந்தால் தொடவே வேண்டாம்.

வங்காள எழுத்து முழுவதையும் கற்றுக்கொள்ள முடியாவிட்டாலும் பத்து எண்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும். வங்காள நான்கு பார்ப்பதற்கு நாம் எழுதும் 8 போலவே இருக்கும். வங்காள ஏழு நாம் எழுதும் 9 போல இருக்கும். இது தெரியாமல் தாக் எண்ணைப் பார்த்து எழுதினால் வேறு யாருடைய நிலத்தையோ தேடிக்கொண்டிருப்போம். எண் சரியாகத் தெரிந்தால், மேற்கு வங்க நிலத்துறையின் 'பங்ளார்பூமி' என்ற இணையதளத்தில் மௌசாவையும் தாக் எண்ணையும் போட்டு, பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம். பிள்ளைகள் கையில் உள்ள போனிலேயே பார்த்துச் சொல்வார்கள். தரகர் கொடுத்த நகலும் அங்கே தெரிவதும் ஒத்துப்போக வேண்டும்.

அளவையும் நாமே கணக்கிட வேண்டும். நம் ஊரில் சென்ட், கிரவுண்ட் என்போம். இங்கே கட்டா, சடாக் என்பார்கள். ஒரு கட்டா 720 சதுர அடி. ஒரு சடாக் 45 சதுர அடி. 16 சடாக் சேர்ந்தால் ஒரு கட்டா. நம் ஊர் கிரவுண்ட் 2400 சதுர அடி, அது இங்கே மூன்று கட்டா ஐந்து சடாக்குக்குச் சற்று மேல். போர்ச்சாவிலோ பரப்பு டெசிமலில் இருக்கும். ஒரு டெசிமல் என்பது நம் ஊர் ஒரு சென்ட்டேதான், 435.6 சதுர அடி.

இதில் எங்கே ஏமாறுவோம்? தரகர் "இரண்டு கட்டா" என்கிறார். போர்ச்சாவில் 3 டெசிமல் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொல்லலாம். இரண்டு கட்டா என்றால் 1440 சதுர அடி. 3 டெசிமல் என்றால் ஏறத்தாழ 1307 சதுர அடி. 133 சதுர அடி குறைகிறது. அது ஓர் அறையின் அளவு! கட்டா 6 லட்சம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கும் மேல் போய்விடுகிறது. நிலத்தில் இறங்கி நாடா பிடித்து அளந்து பாருங்கள். பாதைக்கு விட்ட இடத்தையும் நம் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பிளாட் வாங்குவோருக்கும் இதே கதைதான். 800 சதுர அடி என்பார்கள். மாடிப்படி, நடைபாதை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் அளவு அது. உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம் 600 சதுர அடிகூட இல்லாமல் போகலாம். சுவருக்குள் நாம் புழங்கும் இந்த இடத்துக்குக் கார்ப்பெட் ஏரியா என்று பெயர். அதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்.

சாந்த்ராகாச்சி, ராம்ராஜாதலா, ஜகாச்சா பக்கத்தில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவரைப் 'புரமோட்டர்' என்பார்கள். அவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. நிலத்துக்காரரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டுகிறார். சில பிளாட்டுகள் நிலத்துக்காரருக்கு, மற்றவை புரமோட்டருக்கு. நமக்குக் காட்டும் பிளாட் யாருடைய பங்கில் வருகிறது, அதை விற்க அவருக்கு அதிகாரம் உண்டா என்று அந்த ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தில் மூன்று மாடி என்றிருக்க, நான்காவது மாடியில் நமக்குப் பிளாட் காட்டுவதும் நடக்கிறது. வரைபடத்தைக் கேட்டு வாங்கி மாடிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு வங்காளம் தேவையில்லை.

பழைய வீட்டில் பங்காளிகள் பலர் இருப்பார்கள். வங்காளத்து இந்துக்களிடையே தாயபாகம் என்ற முறை இருந்துவந்தது. அதன்படி தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனுக்குப் பிறப்பால் பங்கு இல்லை. ஆனால் தகப்பன் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் 1956ஆம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லாருக்கும் சம பங்கு. மகள் கல்யாணமாகி எங்கோ போயிருந்தாலும் அவளுக்கும் பங்கு உண்டு. "அண்ணன் தம்பி மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள், போதும்" என்று தரகர் சொன்னால், "அக்கா தங்கைகள் இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

இன்னும் இரண்டு வகை நிலம் உண்டு. ஒன்று ரயில்வே நிலம். தண்டவாளத்தை ஒட்டிய குடிசையை, "முப்பது வருஷமாக இருக்கிறார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லி விற்பார்கள். அது விற்பனையே அல்ல. மற்றது 'டிக்கா' நிலம். கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் இது உண்டு. நிலம் ஜமீன்தாருடையது, மேலே உள்ள வீடு குடியிருப்பவருடையது என்று முன்பு இருந்தது. 1981இல் வந்த ஒரு சட்டம் அந்த நிலங்களை அரசுக்குச் சொந்தமாக்கியது. குடியிருப்பவர் தன் விருப்பம்போல நிலத்தை வெளியாருக்கு விற்க முடியாது. வீட்டு வரி ரசீது அவர் பெயரில் இருக்கும். மின்சார ரசீதும் இருக்கும். இவை அவர் அங்கே குடியிருப்பதைத்தான் காட்டும். நிலம் அவருடையது என்று காட்டாது.

தரகர்களுக்கும் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2016இல் மத்திய அரசு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக 'ரேரா' என்பார்கள். மேற்கு வங்கம் 2017இல் தனக்கென்று வேறொரு சட்டம் போட்டது. அது செல்லாது என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனவே இங்கேயும் மத்தியச் சட்டம்தான். நிலத்தின் பரப்போ பிளாட்டுகளின் எண்ணிக்கையோ குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போகும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தத் திட்டத்தில் பிளாட் விற்றுத் தரும் தரகரும் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். எண் இல்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். இத்திட்டங்களில் பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் புரமோட்டர் முன்பணம் வாங்கக் கூடாது.

ஆனால் நாம் வாங்கப்போவது பெரும்பாலும் இரண்டு கட்டா நிலம், அல்லது ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த பழைய வீடு. அதற்கு இந்தச் சட்டம் வராது. அந்த வரம்புக்குள் அடங்கும் சின்னக் கட்டடமும் தப்பிவிடும். அங்கே நமக்கு நாமேதான் காவல்.

முன்பணத்தை இங்கே 'பாய்னா' என்பார்கள். முன்பணம் கொடுத்து எழுதும் ஒப்பந்தம் 'பாய்னாநாமா'. பாய்னாவைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். நிலத்துக்காரர் பெயரில் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். 2015 முதல் நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. "பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், செலவு மிச்சம்" என்று தரகர் யோசனை சொல்வார். முத்திரைக் கட்டணத்தை அரசு தன் மதிப்பின் மீதே கணக்கிடும் என்பதால் நினைத்த அளவு மிச்சமாவதில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால் ரொக்கமாகக் கொடுத்த பணம் கொடுக்காத பணம்தான்.

பாய்னாநாமா எழுதியதாலேயே நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. பவர் பத்திரம் எழுதி வாங்கினாலும் சொந்தமாகாது. 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் சொந்தமாக்கும். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது என்போம், இங்கே 'சர்ச்' என்பார்கள். தரகர் அழைத்து வரும் வழக்கறிஞர் வேண்டாம், நாமே ஒருவரைப் பார்க்க வேண்டும். பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணி ஆணையம் ஹவுராவில் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

பதிவு அன்று போட்டோ எடுப்பார்கள், விரல் ரேகையும் வாங்குவார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடமும் ரேகை வாங்குவது சட்டம். "இத்தனை நாள் படித்தும் மறுபடி கைநாட்டா?" என்று ஓர் அம்மா வகுப்பில் வருத்தப்பட்டார். பதிவாளர் அலுவலகத்தில் டாக்டரும் வக்கீலும்கூட மை பூசிக்கொண்டுதான் வருகிறார்கள்.

பதிவு முடிந்ததும் மூலப் பத்திரம் உடனே கையில் கிடைக்காமல் போகலாம். பத்திரத்தைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு ரசீது தருவார்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்று தரகர் அந்த ரசீதைக் கேட்டால் கொடுக்காதீர்கள். பிறகு வட்டார நிலச் சீர்திருத்த அலுவலகத்தில் நம் பெயரைப் பதிவில் ஏற்ற வேண்டும். இதற்கு 'மியூட்டேஷன்' என்று பெயர். மாநகராட்சியில் வீட்டு வரிக்காகத் தனியாக ஒரு பெயர் மாற்றம் செய்ய வேண்டும். முதலில் சொன்ன மற்ற வேலைகள் இவைதான். புதிய போர்ச்சாவில் உங்கள் பெயர் வந்த அன்று, வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, பெயரையும் தாக் எண்ணையும் பரப்பையும் நிலத்தின் வகையையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தரகரைக் கூப்பிட்டு மீதித் தரகைக் கொடுங்கள்.